பிள்ளைகளை விடுங்க, நீங்க என்ன சாதிச்சீங்க?

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்றைக்கு மெரினாவிலிருந்து பேசுகிறேன். உழைப்பாளர் சிலைக்குப் பின்பக்கம், மணல் தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்டல் விற்கிற தம்பி வேறு, "அக்கா யார்கிட்ட பேசுறாங்க" என்று சுற்றிச் சுற்றி வருகிறார்.

கொஞ்ச நாளாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில், அபார்ட்மெண்ட் லிஃப்டில், ஆட்டோவில். கேமராவை எடுக்கவே இல்லை. எடுத்தால் ஆட்கள் மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கேள்வி இதுதான்: உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்ததிலேயே, எதை நினைத்தால் உங்களுக்குப் பெருமையாக இருக்கிறது?

பாரிமுனையிலிருந்து பல்லாவரம் வரைக்கும் முதல் பதில் ஒன்றுதான். "நான் என்னத்தைப் பெருசா சாதிச்சுட்டேன்?" அப்புறம் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "பெரியவன் ஐ.டி.யில் இருக்கான். சின்னவ டாக்டருக்குப் படிக்கிறா." அதுவும் இல்லையென்றால் வீடு, கல்யாணம். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம்ம ஆட்கள் அளவுகோலை அன்றைக்கே போட்டு வைத்துவிட்டார்களே!

இதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை. பிள்ளையின் சாதனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் உரிமை சிலருக்கு நிஜமாகவே உண்டு. நம்ம குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து, 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். அவருடைய அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். மகனோடு போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தி வைத்தவர். அவரிடம் போய் "சார், பிள்ளையை விடுங்க, உங்க சாதனை என்ன?" என்று கேட்டால் அது அநியாயம்.

ஆனால் மற்றவர்களிடம் நான் விடாமல் கேட்டேன். "சரி, பிள்ளைகளை விடுங்க. வீட்டையும் விடுங்க. நீங்க?" இந்த இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களுக்காகத்தான் இந்த வீடியோ.

ஒரு ஆட்டோ அண்ணா. கண்ணகி நகர்க்காரர். கேட்டதும், "எங்க ஏரியா பொண்ணு கார்த்திகா கபடியில் தங்கம் வாங்கிச்சே, அதுதாம்மா பெருமை" என்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? அதில் ஜெயித்த இந்திய மகளிர் அணியில் ஆடிய பெண். கண்ணகி நகரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சென்னைக்குள் கூவம் கரையிலும் சாலையோரத்திலும் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தி, 2000-லிருந்து கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். வேலைக்குப் போனால் முகவரி சொல்லவே அங்குள்ளவர்கள் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அண்ணா அதைச் சொல்லிவிட்டு, "இப்ப கெத்தா சொல்றோம்ல" என்றார்.

அது ஊர்ப் பெருமை. நீங்க, அண்ணா? சிக்னலில் நின்றபோது போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். அவருடைய வண்டியின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்றிதழ். முன்பெல்லாம் அதில் அவர் பெயருக்குக் கீழே ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்குமாம். டியூ கட்டி முடித்து, கடன் பாக்கி இல்லை என்று என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தக் கடன் பதிவை நீக்கி (ஹெச்.பி. கேன்சல் என்பார்கள்) வந்த புது ஆர்.சி.யில் அந்த இடம் காலி. அந்தக் காலி இடத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார்! "பதினஞ்சு வருஷம் வாடகை வண்டி ஓட்டினேன். ஓடினாலும் ஓடலேன்னாலும் சாயந்திரம் ஓனருக்கு வாடகை வெச்சாகணும். இப்ப உடம்பு முடியலேன்னா ஒரு நாள் நிறுத்திக்கலாம்." லீவு எடுக்க முடிவதுதான் அவருடைய சாதனை. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்தவர் எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா. குரோம்பேட்டையிலிருந்து வருகிறவர். அவர் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது அவருடைய தம்பி, இன்ஜினியர். தமிழ்நாட்டில் முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறதல்லவா? வீட்டில் அதற்கு முன்னால் யாருமே டிகிரி முடிக்கவில்லை என்று தாசில்தார் ஆபீஸ் கொடுப்பது. 2010-லிருந்து அதை வைத்துத்தான் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை தருகிறார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டுப் பல்லாவரம் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தம்பியின் பஸ் பாஸ், லேப் ஃபீஸ் எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். தம்பிக்கு வேலை கிடைத்தது, அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு கரஸ்ஸில், அதாவது அஞ்சல் வழியில், பி.காம். சேர்ந்தார். அரியர் விழுந்து விழுந்து எழுந்து, கடைசியாக காஸ்ட் அக்கவுண்டிங்கையும் கிளியர் பண்ணிவிட்டார்.

முதலில் கேட்டபோது அவர் சொன்ன பதில், "தம்பியைப் படிக்க வெச்சேன்." இரண்டாவது தடவை கேட்டபோதுதான் இந்த பி.காம். வந்தது, அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அதெல்லாம் சொல்லிக்கிற மாதிரியா?" என்கிறார். சொல்லிக்கொள்ள வேண்டியதே அதுதான் அக்கா! தம்பிக்காகச் செய்ததை ஊரே பாராட்டியாகிவிட்டது. இதைப் பாராட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிற அம்மாவின் பதில் சைக்கிள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவர். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கில் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்களாம். அதுவும் நல்லதாகப் போயிற்று, முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! "புடவையை எப்படி இழுத்துச் சொருகிக்கணும்னு முதல்ல அதைத்தான் கத்துக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு, தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சொருகிக் காட்டினார். சென்னைக்கு வந்தபிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லையாம். அது பரவாயில்லை என்கிறார்.

இன்னொருவரிடமும் கேட்டேன், பெயர் வேண்டாம், பெரிய பதவி. அவர் முழு ரெஸ்யூமேயையும் ஒப்பித்தார். இரண்டாவது தடவை கேட்டேன், இரண்டாவது பக்கம் வந்தது. விட்டுவிட்டேன்.

இப்போது என் மனசில் நின்ற ஆளைப் பற்றிச் சொல்கிறேன். திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவர், ரிட்டயர்டு. அவர் சொன்ன சாதனை, "எங்க வீட்டுப் பாகப்பிரிவினை சண்டை இல்லாம முடிஞ்சுது."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், நமக்குத் தெரிந்த எத்தனை குடும்பத்தில் இது நடந்திருக்கிறது? அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரே அக்கா. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். பழைய வீடு, நடுவில் முற்றம், இப்போது அந்த இடத்துக்குக் கேட்கிற விலையைச் சொன்னால் தலை சுற்றும். அக்காவுக்கு எழுபதுகளிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அது அப்போது கல்யாணம் ஆகாத பெண்களுக்கு. எல்லா மகள்களுக்கும் சமம் என்று நாடு முழுக்க வந்தது 2005-ல். சட்டம் என்ன சொன்னாலும் வீட்டில் நடப்பது வேறு. அக்காவைக் கூப்பிட்டு, ஒரு பட்டுப்புடவையும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து, தன் பங்கு வேண்டாம் என்று எழுதித் தருகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். "உனக்குத்தான் நகை போட்டு அனுப்பியாச்சே" என்று ஒரு வரி. எதிர்த்துக் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று அக்காக்களும் போட்டுவிடுவார்கள்.

பத்திரம் எழுதுகிறவரே இவரிடம் கேட்டாராம், "அக்காவுக்கு விடுதலைப் பத்திரம் ரெடி பண்ணிடட்டுமா சார்?" என்று. இவர்தான் மூன்றாவது தம்பி, வீட்டில் பேச்சு எடுபடாத ஆள். "நாலு பங்கு போடுங்க" என்று சொல்லிவிட்டார். பெரிய அண்ணன் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் தினமும் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய், பேப்பரைப் படித்துவிட்டு, காபி கொடுத்தால் குடித்துவிட்டு, அந்தப் பேச்சையே எடுக்காமல் திரும்பி வந்திருக்கிறார். கடைசியில் அண்ணனே ஒரு நாள், "எப்போடா ரிஜிஸ்டர் ஆபீஸ் போகணும்?" என்று கேட்டாராம். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நாலு பேரும் நேராக ரத்னா கஃபேக்குப் போய் சாம்பார் இட்லி சாப்பிட்டிருக்கிறார்கள். பில்லை யார் கொடுப்பது என்றுதான் அன்றைக்கு நடந்த ஒரே சண்டை.

இதுக்கெல்லாம் யார் சால்வை போர்த்துவார்கள்? அந்த அக்காவுக்குக்கூட, தனக்காக ஒருவர் தினமும் போய் உட்கார்ந்திருந்தார் என்பது முழுசாகத் தெரியாது. தெரிய வேண்டாம் என்கிறார் இவர். நான் வீடியோவில் சொல்லலாமா என்று கேட்டேன். ஆள் அடையாளம் தெரியாமல் சொல்லிக்கொள் என்றார். சில விவரங்களை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

பின்னால் தெரிகிறதே இந்தச் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நம்ம எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1959-லிருந்து நாலு பேரும் அந்தப் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்கள். இதற்கு மாடலாக நின்றவர்களில் அந்தக் கல்லூரியின் வாட்ச்மேனும் ஒருவர் என்று சொல்வார்கள். பீச்சுக்கு வரும்போதெல்லாம் வீட்டில் என்ன சொல்லியிருப்பார் அவர்? "அது நான்தான்" என்றா? அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

சரி, என்னுடையது என்ன என்று கேட்பீர்கள். ஆபீஸ் ப்ரோமோஷனும் இல்லை, இந்தச் சேனலும் இல்லை. டைப்ரைட்டிங் ஹயர் பரீட்சை பாஸ் பண்ணினது. சிரிக்காதீங்க! ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று சுண்டுவிரல் வலிக்க வலிக்க அடித்தவர்களுக்குத் தெரியும். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹயருக்கு 45. பரீட்சைக்கு இன்ஸ்டிடியூட் மெஷினையே வண்டியில் ஏற்றி சென்டருக்குக் கொண்டுபோவோம், கை பழகின மெஷின் வேண்டுமே. மணி அடித்ததும் ஹால் முழுக்க ஒரே நேரத்தில் மெஷின்கள் இரைய ஆரம்பிக்கும்போது அடிவயிறு கலங்கும். அரசாங்கத்தில் குரூப் ஃபோர் டைப்பிஸ்ட் வேலைக்கு இந்தச் சான்றிதழ் இன்னும் வேண்டும், ஆனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு பைசா பிரயோஜனம் இல்லாத சர்டிஃபிகேட். ஆனாலும் ஆபீஸில் யாராவது கீபோர்டைப் பார்த்துப் பார்த்து இரண்டு விரலால் குத்திக்கொண்டிருந்தால், நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி டைப் அடிப்பேன். வேண்டுமென்றேதான்.

தம்பி, ஒரு சுண்டல் கொடுப்பா. மாங்காய் நிறையப் போடு. சரி மக்களே, அடுத்த வாரம் பார்க்கலாம்.