டிக்கெட் வாங்கிப் பார்த்தால் குற்றமா?

நடுவர் அவர்களுக்கும், இன்று எதிரணியில் இருந்தாலும் பொங்கல் சாப்பாட்டுக்கு என் பக்கத்து இலையில் உட்காரப்போகிற நண்பர்களுக்கும், ஜப்பான்வாழ் தமிழர்களின் இந்தப் பொங்கல் பட்டிமன்றத்துக்கு வந்திருக்கும் சபைக்கும் வணக்கம்.

"சிறுபான்மை இனங்களின் பண்பாட்டுப் பூங்காக்கள் மரபைக் காக்கின்றனவா, காட்சிப்பொருள் ஆக்குகின்றனவா?" இதுதான் தலைப்பு. காக்கின்றன என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், போன கோடையில் நம் குடும்பங்கள் எல்லாம் பஸ் பிடித்துப் போய்வந்த ஹொக்கைடோ பயணத்தையே சாட்சிக்கு இழுத்தார். ஷிராஓய் ஊரில் உள்ள உபொபொய், அதாவது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களுக்கான தேசிய அருங்காட்சியகமும் பூங்காவும். "ஐனு மக்களைப் பார்க்க 1,200 யென் டிக்கெட். குறித்த நேரத்துக்கு நடனம். வெளியே வந்தால் நினைவுப்பொருள் கடை. இது மரபா, சர்க்கஸா?" என்று கேட்டார். கைதட்டல் பலம். நானும் தட்டினேன், கேள்வி அழகாக இருந்தது. ஆனால் அண்ணன் கதையை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

உபொபொய் திறந்தது 2020 ஜூலையில். கட்டியது ஜப்பான் அரசு. ஆனால் பொரோதோ ஏரிக்கரையில் அதற்கு முன்பே ஓர் ஐனு கிராமம் இருந்தது. ஷிராஓய்க்குச் சுற்றுலாக் கூட்டம் வருவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ஊருக்குள் கூட்டம் தாங்காமல் 1965-ல் அந்தச் சுற்றுலா இடத்தை ஏரிக்கரைக்கு மாற்றினார்கள், அதுதான் அந்தக் கிராமம். 1976-ல் அறக்கட்டளை, 1984-ல் அருங்காட்சியகம். வந்தவர்கள் கொடுத்த காசில் பாட்டிகளின் பாட்டையும் கதையையும் பதிவு செய்தார்கள், இளையவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். 2018-ல் அது மூடப்பட்டு, அதே இடத்தில் எழுந்ததுதான் நாம் பார்த்த உபொபொய். ஆக, முதலில் கடை போட்டது அரசாங்கம் இல்லை, ஐனு மக்களே.

ஏன் போட்டார்கள்? 1871-லேயே பெண்கள் வாயைச் சுற்றிப் பச்சை குத்தக்கூடாது, ஆண்கள் காதணி போடக்கூடாது என்று உத்தரவு. அப்புறம் ஆற்றில் சால்மன் பிடிக்கத் தடை. 1899-ல் ஒரு சட்டம் வந்தது. பெயரில் 'பாதுகாப்பு' இருந்தது, வேலை என்னவோ வேட்டையாடி மீன்பிடித்து வாழ்ந்தவர்களை விவசாயிகளாக்கி ஜப்பானியர்களோடு கரைப்பது. அந்தச் சட்டம் 1997 வரை இருந்தது என்றால் நம்புவீர்களா? பள்ளியில் ஜப்பானிய மொழி மட்டும். பிள்ளை கேலிக்கு ஆளாக வேண்டாம் என்று பெற்றோரே வீட்டில் ஐனு பேசுவதை நிறுத்தினார்கள். வீடும் பள்ளியும் கைவிட்ட அந்தக் காலத்தில் ஐனு பாட்டுக்குக் கூலி கிடைத்தது சுற்றுலாத் தலங்களில்தான். 'சுற்றுலா ஐனு' என்பது அங்கே ஒரு வசைச்சொல். அண்ணன் இன்று சொன்னதை ஐனு மக்களுக்குள்ளேயே பலர் அன்று சொன்னார்கள். அந்த வசையை வாங்கிக்கொண்டு ஆடியவர்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு ஆட்டம் வந்து சேர்ந்தது. அதை 1984-ல் ஜப்பான் தேசியச் சொத்தாக ஏற்றது, 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நடுவர் மணியை அதுவரை கையில் எடுக்க மாட்டார் என்று நம்புகிறேன். கயானோ ஷிகெரு, 1926-ல் ஹொக்கைடோவின் நிபுதானி என்ற ஐனு ஊரில் பிறந்தவர். ஐனு பேசும் பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்து, பிழைப்புக்கு மரம் வெட்டப் போனவர். ஊருக்கு ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், பழம்பொருள்களை அள்ளிக்கொண்டு போவார்கள். ஒருநாள் காட்டு வேலை முடிந்து வீடு திரும்பினால், அப்பா பேணி வைத்திருந்த, தெய்வங்களுக்கு மது படைக்கும் செதுக்குக் குச்சியைக் காணோம். அதுவும் போய்விட்டது. இனி நானே சேர்க்கிறேன் என்று கிளம்பினார். கூலிப் பணத்தில் பழைய கருவிகளை விலைக்கு வாங்கினார். அந்தக் காசு போதாமல் நோபோரிபெட்சு வெந்நீர் ஊற்று ஊரில் சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்றும் சம்பாதித்தார். ஆமாம், அண்ணன் சர்க்கஸ் என்றாரே, அதே வேலை. அப்படிச் சேர்த்ததை வைத்து 1972-ல் நிபுதானியில் ஐனு அருங்காட்சியகம் திறந்தது. 2002-ல் அந்த ஊரின் 1,121 பொருள்களை அரசு முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது. 1994-ல் கயானோ நாடாளுமன்றத்துக்குப் போன முதல் ஐனு ஆனார், அங்கே எழுந்து ஐனு மொழியில் பேசினார். சர்க்கஸ்காரர் போகிற இடமா அது?

அண்ணன் அடுத்துப் போட்டது பெரிய குண்டு. 1903-ல் ஒசாகா தொழிற்கண்காட்சிக்கு வெளியே 'மனிதர் அரங்கம்' என்று ஒரு கொட்டகை. ஐனு, தைவான் பழங்குடிகள், ஒகினாவாக்காரர்கள் என்று உயிரோடு உள்ள மனிதர்களை நிறுத்திக் காசு வாங்கிக் காட்டினார்கள். அதன் பேரன்தான் இன்றைய பூங்கா என்றார். 1903-க்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை, அது கேவலம். ஆனால் அங்கும் ஒரு விஷயம் நடந்தது. தொகாச்சி பகுதியிலிருந்து வந்த ஓர் ஐனு மனிதர், தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு நிதி வேண்டும் என்று அதே மேடையில் பேசினார். காட்டப்பட்டவர் வாய் திறந்தார்! அன்று கொட்டகையை நடத்தியவர்கள் வேறு ஆட்கள். இன்று உபொபொய் அருங்காட்சியகத்துக்குள் போனால் 'எங்கள் மொழி, எங்கள் வரலாறு, எங்கள் வேலை' என்றுதான் பிரிவுகள். அறிவிப்புப் பலகைகளில் முதல் வரி ஐனு, அதற்குப் பிறகே ஜப்பானிய மொழி. வேலைப் பிரிவில் இன்றைய ஐனு மக்கள் செய்யும் தொழில்களும் இருக்கின்றன. கரடித் தோலும் ஈட்டியும் மட்டும் வைத்து 'அந்தக் காலத்தில்' என்று முடித்துவிடவில்லை.

விற்பது தவறா? ஆக்கன் ஏரிக்கரையில் ஐனு கடைத்தெரு இருக்கிறது. 1959-ல் ஒரு நிலவுடைமையாளர் அம்மையார் ஐனு மக்களுக்கு இலவசமாக இடம் கொடுத்து, வந்து கடை வையுங்கள் என்றார். மரம் செதுக்குகிறவர்கள் வந்து கூடினார்கள், இன்று ஹொக்கைடோவின் பெரிய ஐனு குடியிருப்புகளில் அது ஒன்று. நிபுதானியில் மரப்பட்டை நாரில் அத்துஷ் என்ற துணி நெய்கிறார்கள். அதையும் அந்த ஊர் மரத்தட்டையும் 2013-ல் அரசு மரபுக் கைத்தொழில் என்று அங்கீகரித்தது. வாங்க ஆள் இல்லாத நெசவு எத்தனை தலைமுறை ஓடும் என்பதை, காஞ்சிபுரத்துக்காரரான எதிரணித் தலைவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

சரி, எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். அதை அவர்கள் இன்னும் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உரஹோரோ ஊர் ஐனு அமைப்பு ஒன்று, ஆற்றில் சால்மன் பிடிப்பது எங்கள் பிறப்புரிமை என்று 2020-ல் வழக்குப் போட்டது. 2024 ஏப்ரலில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சடங்குக்கு அனுமதி வாங்கிப் பிடிக்கலாம், பிழைப்புக்குப் பிடிக்க முடியாது. பூங்காவில் சால்மன் சூப் கிடைக்கும், ஆறு கிடைக்காது. அதேபோல, பல்கலைக்கழகங்கள் ஐனு கல்லறைகளைத் தோண்டிக்கொண்டு போன எலும்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடையவை இன்று உபொபொயின் நினைவிடத்தில் இருக்கின்றன. அவற்றைச் சொந்த ஊர் மண்ணுக்கே திருப்பித் தாருங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது.

ஆனால் ஆற்றைத் தராதது பூங்காவின் குற்றமா, சட்டத்தின் குற்றமா? நிபுதானியில் அணை கட்ட ஐனு நிலத்தை எடுத்தபோது வழக்காடியவர்களில் ஒருவர் அதே கயானோ. 1997-ல் சப்போரோ நீதிமன்றம் ஐனு மக்கள் பூர்வகுடிகள் என்றது, அவர்கள் பண்பாட்டை எண்ணிப் பார்க்காமல் நிலம் எடுத்தது சட்டவிரோதம் என்றது. அணை அதற்குள் கட்டி முடிந்துவிட்டது, இன்னும் அப்படியே நிற்கிறது, அது வேறு கொடுமை. ஆனால் 'இங்கே ஒரு பண்பாடு இருக்கிறது' என்று ஒரு நீதிபதி முன் நிற்க வேண்டுமானால் யாராவது அதைக் கட்டிக் காத்திருக்க வேண்டும். உரிமைப் போராட்டமும் அருங்காட்சியகமும் பகை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நிபுதானியில் இரண்டையும் செய்தது ஒரே ஆள்.

இன்னொன்று. இன்று காலை இதே மேடையில் நம் பிள்ளைகள் பரதம் ஆடினார்கள், கும்மி அடித்தார்கள். யோகோஹாமாவில் பிறந்த பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, நேரம் குறித்து, ஜப்பானிய நண்பர்களை அழைத்து உட்காரவைத்து ஆடவிட்டோம். வாசலில் வடை விற்றோம். எதிரணி அக்காவின் மகள்தான் முதல் வரிசை. நாம் ஆடினால் பண்பாடு, ஷிராஓயில் அவர்கள் ஆடினால் காட்சிப்பொருளா?

மணி அடித்துவிட்டது. ஷிராஓயில் 2008 முதல் இளைய ஐனு மக்களுக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி நடக்கிறது. மொழி, நெசவு, சமையல், ஆட்டம் எல்லாம் படிக்கிறார்கள். படித்து முடித்தால் மரபையே தொழிலாகச் செய்ய ஓர் இடம் அங்கே இருக்கிறது. அடுத்துப் பேச வரும் அக்காவுக்கு என் கேள்வி: அந்தப் பயிற்சியில் சேரப்போகும் பெண்ணுக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டால், பதிலுக்கு எந்தக் கதவைத் திறந்துவிடுவீர்கள்? பதிலோடு வாருங்கள் அக்கா. வணக்கம்.