ஏழாவது தடவை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பால்புதுமையினர், அதாவது தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றவர்கள், தங்கள் எழுத்தை வாசிக்க மதுரையில் தனியாக ஓர் ஓபன் மைக் இரவு, விரும்புகிறவர் வந்து மைக் பிடிக்கிற மேடை, தொடங்க வேண்டுமா, இருக்கிற மேடைகளே போதுமா? வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார், நீங்களும் கை தட்டினீர்கள்: "நாற்பத்தொன்பது சங்கப் புலவரும் ஒரே பலகையில உக்காந்த ஊரு இது. இவங்களுக்கு மட்டும் எதுக்குத் தனிப்பலகை? இருக்கிற பலகையில வந்து உக்காரட்டுமே!"

அப்படி வந்து உட்கார்ந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன், அண்ணன் கேட்கட்டும்.

எங்களுக்கு அடுத்த தெருப் பையன். அம்மா பூக்கட்டுகிறவர். ஒரு கவியரங்கத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். கவிதை இதுதான்: ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மழை. தேனி பஸ்ஸில் அவன் வருகிறான். இவன் காத்திருக்கிறான். பதினான்கு வரி. 'அவன்' ஏழு இடத்தில் வருகிறது.

அமைப்பாளர் வாங்கிப் படித்தார். நல்ல மனிதர்தான். தோளில் கை போட்டுச் சொன்னார்: "கவிதை அருமை தம்பி. ஒரே ஒரு எழுத்து மட்டும் மாத்திரு. 'ன்' இருக்கிற இடத்துல 'ள்' போட்டுரு. யாருக்கும் தொந்தரவு இல்ல."

ஒரே ஒரு எழுத்து! நடுவர் அவர்களே, நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். தமிழில் அது ஒரு எழுத்தோடு நிற்குமா? அவன் அவள் ஆனால், நனைந்தான் நனைந்தாள் ஆக வேண்டும். சிரித்தான் சிரித்தாள் ஆக வேண்டும். எழுவாயைத் தொட்டால் பயனிலை வரை தேடிப்போய்ப் பிடிக்கிற இலக்கணம் நம்முடையது. சரி, அதையும் மாற்றினான். நாலாவது வரிக்கு வந்தான், பேனா நின்றுவிட்டது. 'மீசையில் நின்ற மழைத்துளி' என்று எழுதியிருக்கிறான். அவளுக்கு ஏது மீசை? மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, மீசையை அடித்துவிட்டு மூக்குத்தி என்று எழுதினான். பஸ்ஸில் வருகிறவர் மூக்குத்தியே போட்டதில்லை, அவையோரே! தான் ஆசைப்பட்ட முகத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, யாரோ ஒரு பெண்ணின் மூக்கை அங்கே வைத்தான்.

மேடை ஏறினான். முதல் 'அவள்'. கைதட்டல். இரண்டாவது. மூக்குத்தி வந்தது, விசில் பறந்தது. மூன்று, நாலு, ஐந்து, ஆறு. கடைசி வரி. மழைக்குள் பஸ் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. தாளில் 'அவள் இறங்கினாள்' என்றுதான் இருக்கிறது. வாய் சொல்லிவிட்டது: "அவன் இறங்கினான்."

கூட்டம் சிரித்தது. தொகுத்து வழங்கியவர் ஓடிவந்து மைக்கை வாங்கி, "பதற்றத்துல தம்பிக்கு நாக்கு குழறிருச்சு" என்றார்.

அண்ணே, அவன் நாக்கு குழறியது ஆறு தடவை. ஏழாவது தடவைதான் சரியாகப் பேசியது!

இப்போது உங்கள் பலகைக்கு வருகிறேன். சங்கப்பலகையின் பெருமையே என்ன? தகுதியான புலவர் வந்தால் அது தானே நீண்டு இடம் கொடுக்கும். பலகைதான் நீண்டதே தவிர, எந்தப் புலவரும் காலை வெட்டிக்கொண்டு அதில் உட்காரவில்லை. நீளாத பலகையைப் போட்டுவைத்துவிட்டு 'வந்து உட்கார்' என்று கூப்பிட்டால், அண்ணே, அது அழைப்பா?

அப்புறம், 'சொந்தப் பெயரைச் சொல்லப் பயப்படுகிறவர்களுக்கு மேடை எதற்கு' என்றும் கேட்டீர்கள். குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர் போல' என்று பாடியவரின் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது. பாட்டைத் தூக்கியா எறிந்தார்கள்? அவர் வரியையே எடுத்து அவருக்குச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் வைத்தார்கள். அணிலாடு முன்றிலாரும் அப்படி வந்த பெயர்தான். வீட்டுக்குத் தெரியாமல் வந்து வாசிக்கிற பிள்ளைக்கு அதே மரியாதையை நாம் கொடுத்தால் என்ன?

இது மதுரைக்குப் புது விஷயமும் இல்லை. 2012-லேயே பால்புதுமையினர் பேரணி போன ஊர் இது. 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற திருநங்கை, பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் நம் ஊர்க்காரர். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், வயதுவந்து மனம் ஒத்த இருவரின் உறவு, ஒரே பாலினமானாலும், குற்றமில்லை என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. ஆனாலும் 2021-ல், சேர்ந்து வாழப் பாதுகாப்பு கேட்டு இரண்டு பெண்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். எங்கிருந்து போனார்கள்? இந்த மதுரையிலிருந்து. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? எனக்கு இது முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தீர்ப்பு எழுதினார். நீதிபதியே உட்கார்ந்து கேட்டார். நாம் மாதம் ஒரு சாயங்காலம் உட்கார மாட்டோமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாடி அறை, இருபது நாற்காலி, ஆளுக்கு ஐந்து நிமிடம். செல்போனில் வீடியோ எடுக்கக் கூடாது. கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கிற நேரத்துக்கு முடித்துவிடலாம்.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரு நிமிடம் கொடுங்கள்.

அந்தக் கவியரங்கத்தில் கடைசி வரிசையில் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் மறுநாள் பூவுக்கு வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துப் போட்டார். இவன் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறான், கை நடுங்குகிறது. அவர் நாரைக் கிழித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "மழையில இறங்கினானே அந்தப் பையன், அவன் சாப்பிட்டானாடா?"

நடுவர் அவர்களே, இருபது நாற்காலியில் முதல் நாற்காலி அந்த அம்மாவுக்கு. மூக்குத்தியை அடித்துவிட்டு, பழையபடி மீசை வைத்து அவன் வாசிக்கப்போகிற கவிதையை அவர் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். வணக்கம்.