‘ஓ’வைத் தொலைத்த மர்ஃபி

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம். உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். “மர்ஃபி என்றால் ரேடியோதானே? அதற்கா ஒரு மணி நேரம் பேசப் போகிறீர்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. இந்த அரங்கில் தலை நரைத்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் முதலில் நினைவூட்டுவது மரப்பெட்டி ரேடியோவையும், விளம்பரத்தில் சிரித்த அந்தக் கொழுகொழு குழந்தையையும்தான். ஆகவே ரேடியோவிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

1929-இல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டி என்ற ஊரில் ஃபிராங்க் மர்ஃபி என்ற பொறியாளர், ஈ. ஜே. பவர் என்பவரோடு சேர்ந்து அந்தக் கம்பெனியைத் தொடங்கினார். 1937-இல் அவர் அதிலிருந்து விலகிவிட்டார். பெட்டியில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத மனிதரின் பெயரைத்தான் நம் வீடுகளில் வாரந்தோறும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தோம். சரி, அந்தப் பெயர் ஃபிராங்க்குக்கு எங்கிருந்து வந்தது? அயர்லாந்திலிருந்து. அங்கே அது வெறும் ஒரு பெயரன்று. நாட்டின் குடும்பப் பெயர்களில் எண்ணிக்கையில் முதலிடம் அதற்குத்தான்.

அயர்லாந்தின் பழைய மொழியில் ‘முயிர்’ என்றால் கடல், ‘கஹ்’ என்றால் போர். இரண்டும் சேர்ந்து ‘முர்ஹத்’ என்று ஒரு ஆண்பெயர் உண்டாயிற்று. கடலில் போரிடுபவன் என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே மிகவும் விரும்பி வைக்கப்பட்ட பெயர் இது. 1014-இல் கிளான்டார்ஃப் போரில் அரசர் பிரையன் பொரு இறந்தபோது அவரோடு அதே களத்தில் மாண்ட மகனின் பெயரும் முர்ஹத் தான். இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் விரும்பி வைக்கும் பெயராக இருந்ததால்தான் பிற்பாடு இத்தனை சிக்கல்.

ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குடும்பப் பெயர்கள் மிக முன்னதாகவே வேரூன்றிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளிலேயே அந்த வழக்கம் நிலைபெற்றுவிட்டது. முறை எளிது. ‘மக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், விரித்துச் சொன்னால் வழித்தோன்றல். குடும்பத்தில் பெயர்பெற்ற மூதாதை ஒருவர் இருந்தால், அவர் பெயருக்கு முன்னால் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். நம் பிள்ளை அதை விட்டுவிட்டு நம் எழுத்தைப் போட்டுக்கொள்கிறது. அவர்களோ ஏதோ ஒரு தாத்தாவின் பெயரில் நின்றுவிட்டார்கள். அதன் பிறகு எத்தனை தலைமுறை வந்தாலும் எல்லாரும் அந்த ஒரே தாத்தாவின் பேரன்கள்தான்.

இப்போது பாருங்கள். முர்ஹத் என்ற பெயருடைய தாத்தா ஒருவரா? வெக்ஸ்ஃபோர்டில் ஒருவர், கார்க் பக்கம் ஒருவர், வடக்கே டைரோனில் ஒருவர், மேற்கே ஸ்லைகோவில் ஒருவர். ஒருவரையொருவர் அறியாத இந்தக் குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் ‘ஓ முர்ஹத்’ என்றும், வடக்கில் ‘மக் முர்ஹத்’ என்றும் தனித்தனியே பெயர் சூட்டிக்கொண்டார்கள். அத்தனை பேரையும் பிற்கால ஆங்கில எழுத்தர் ஒரே பேனாவால் ‘மர்ஃபி’ என்று எழுதி முடித்துவிட்டார். மர்ஃபி என்று ஒரு குலம் கிடையாது. பல குடும்பங்கள் ஒரே பதிவேட்டு வரிக்குள் ஒதுக்கப்பட்ட கதை அது. நான் இன்று சொல்ல வந்ததே இதைத்தான். மீதியெல்லாம் இதற்குச் சான்றுகள்.

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் அயர்லாந்து மறக்க முடியாத ஒருவர் உண்டு. மறக்க விரும்பும் ஒருவர் என்றும் சொல்லலாம். லெய்ன்ஸ்டரின் அரசர் டயர்முயிட் மக் முர்ஹத். அவருடைய தாத்தாவின் பெயர் முர்ஹத். 1152-இல் அவர் பக்கத்து நாட்டு அரசர் டியர்னன் ஓ ரூர்க்கின் மனைவியைக் கவர்ந்து சென்றார். பகை பதினான்கு ஆண்டுகள் புகைந்தது. 1166-இல் அவரை நாட்டைவிட்டே துரத்திவிட்டார்கள். கடல் தாண்டிப் போய் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டார். தம் குடிமக்களிலிருந்து அவர் படை திரட்டிக்கொள்ள ஹென்றி அனுமதி தந்தார். 1169-இல் வெக்ஸ்ஃபோர்டு கரையில் முதல் நார்மன் கப்பல்கள் ஒதுங்கின. மறு ஆண்டு ‘ஸ்ட்ராங்போ’ என்று அழைக்கப்பட்ட பிரபு வந்தார்; வாட்டர்ஃபோர்டைப் பிடித்தார்; டயர்முயிட்டின் மகள் ஈஃபாவை அங்கேயே மணந்துகொண்டார். 1171-இல் டயர்முயிட் இறந்துவிட்டார். அழைத்து வந்தவர் போய்விட்டார், வந்தவர்கள் போகவில்லை. ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்த ஆங்கில ஆதிக்கத்துக்கு அதுவே முதல் படி. வழியைத் திறந்துவிட்டவர் ஒரு முர்ஹத்தின் பேரன்.

அவருடைய சந்ததியினர் அந்தப் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அவர் மகன் டோனல், கவான் என்ற புனிதரின் மடத்தில் வளர்ந்தவர். அதனால் வந்த பெயர்தான் இன்றைய ‘காவனா’. வெக்ஸ்ஃபோர்டு மர்ஃபிகளும் இதே அரச மரபின் கிளையினர்தான், ஆனால் டயர்முயிட்டின் நேர் வாரிசுகள் அல்லர். கிழக்குக் கரையில், இன்று பாலகீன் என்று அழைக்கப்படும் பகுதியில், அவர்கள் சிற்றரசர்களாக இருந்தார்கள்.

வந்தவர்களின் சட்டம் முதலில் கைவைத்த இடங்களில் பெயரும் ஒன்று. 1465-இல் போட்ட சட்டம் படிக்கவே வேடிக்கையாக இருக்கும். டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் பிடியில் இருந்த மாவட்டங்களில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். என்ன பெயர்? பட்டியலையும் சட்டமே கொடுக்கிறது. ஓர் ஊரின் பெயர்: சட்டன், செஸ்டர், டிரிம், கார்க். அல்லது ஒரு நிறம்: வெள்ளை, கறுப்பு, பழுப்பு. அல்லது ஒரு தொழில்: கொல்லர், தச்சர். அல்லது ஒரு பதவி: சமையற்காரர், பட்லர். கடையில் சட்டைத் துணி தேர்ந்தெடுப்பதைப் போல ஒருவன் தன் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பது வேறு விஷயம். ஆனால் அயர்லாந்தில் ‘ஸ்மித்’ என்று ஒருவரைச் சந்தித்தால் அவரை இங்கிலாந்துக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். பலர் ‘மக் கவன்’, அதாவது கொல்லனின் மகன், என்ற பெயரை மொழிபெயர்த்துக்கொண்டவர்கள்.

பதினேழாம் நூற்றாண்டுப் போர்களில் ஐரிஷ் பிரபுக்கள் முறிந்த பிறகு சட்டமே தேவைப்படவில்லை. ‘ஓ’ என்றும் ‘மக்’ என்றும் சொல்லிக்கொள்வது தோற்றவனின் அடையாளமாகிவிட்டது. தாமாக விட்டவர்கள் உண்டு. எழுத்தர் விட்டதை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. நம்மவர் பலர் கடந்த நூற்றாண்டில் பெயரின் பின்னால் இருந்த சாதி ஒட்டைத் தாமே விரும்பி வெட்டினார்கள். அவர்களுக்கோ முன்னால் இருந்தது உதிர்ந்து போயிற்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசக்கூடாது. கத்தி யார் கையில் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

1893-இல் ஐரிஷ் மொழிக்கான சங்கம் டப்ளினில் பிறந்தது. இழந்த ‘ஓ’வைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆர்வமும் அதனோடு வளர்ந்தது. சலிவன்கள் கூட்டம் கூட்டமாக ஓ சலிவன்கள் ஆனார்கள். அதற்கும் முன்பே, புகழ்பெற்ற தலைவர் டேனியல் ஓ கான்னெல்லின் தந்தை வெறும் மார்கன் கான்னெல்லாகத்தான் அறியப்பட்டிருந்தார். அயர்லாந்துக் குடும்பப் பெயர்களை ஆராய்ந்த எட்வர்டு மக் லைசட் என்ற பேரறிஞரே பிறக்கும்போது வெறும் லைசட். பிறந்தது இங்கிலாந்தில். 1920-இல்தான் ‘மக்’கைச் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் மர்ஃபிகள் மட்டும் அசையவில்லை. ‘ஓ மர்ஃபி’ என்று ஒருவரைக் காண்பது அரிது. ஏன்? எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். சலிவன் என்ற சொல்லில் பழைய பெயரின் ஓசை இன்னும் மிச்சமிருக்கிறது. முன்னால் ‘ஓ’ போட்டால் பொருந்தும். ‘முர்ஹத்’ மர்ஃபி ஆனபோது ஓசையே மாறிவிட்டது. அதன் தலையில் ‘ஓ’வை வைத்தால் வேட்டிக்கு மேல் டை கட்டியதுபோல் இருக்கும். பழையது வேண்டும் என்று நினைத்தவர்கள் முழுதாகவே மாற்றிக்கொண்டார்கள். வெக்ஸ்ஃபோர்டுத் தலைமைக் குடும்பத்தினர் மர்ஃபியை உதறி ‘ஓ மார்ஹூ’ என்ற பழைய வடிவத்துக்குப் போய்விட்டார்கள். ஐரிஷ் மொழியில் பேசுபவர்கள் இன்று ‘ஓ முரஹூ’ என்கிறார்கள்.

பெண்களின் பெயர் இன்னும் சுவையானது. பெண் எப்படி யாருக்கோ ‘பேரன்’ ஆக முடியும்? ஆகவே அவளுக்கு ‘ஓ’ கிடையாது, ‘நீ’ உண்டு. பேரனின் மகள் என்று பொருள். அந்தச் சொல் முன்னால் வந்ததும் அடுத்த மெய்யும் இளகிவிடும்: ‘நீ வுரஹூ’. மணமான பெண் கணவரின் பெயரை ஏற்றால் ‘பான் ஈ வுரஹூ’, அதாவது ஓ முரஹூவின் மனைவி. ஆங்கிலத்தில் அப்பா, அம்மா, மகள் மூவரும் மர்ஃபி. ஐரிஷில் மூவருக்கும் மூன்று வடிவம். வெளிநாட்டு அலுவலகங்களில் இவர்கள் ஒரே குடும்பம் என்று விளக்குவதற்குள் வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழந்துவிட மாட்டார்களா?

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 1890-இல் அயர்லாந்தில் பதிவான பிறப்புகளை ராபர்ட் மாதேசன் என்ற பதிவுத்துறை அதிகாரி பெயர்வாரியாக எண்ணினார். அந்த ஓராண்டில் பிறந்த மர்ஃபிகள் 1,386 பேர். ஒரு பிறப்புக்குச் சுமார் 45 பேர் என்ற கணக்கில் நாடு முழுவதும் ஏறக்குறைய 62,600 மர்ஃபிகள் இருப்பார்கள் என்று மதிப்பிட்டார். அடுத்து கெல்லி, 55,900. அதற்கடுத்து சலிவன். அந்த 1,386 பிறப்புகளில் 747 தெற்கே மன்ஸ்டர் மாகாணத்தில், 362 லெய்ன்ஸ்டரில், 168 அல்ஸ்டரில், 109 கொனாக்டில். பாதிக்கு மேல் தெற்கில்தான், அதிலும் கார்க் மாவட்டம் முன்னணியில். ஆனால் நான்கு மாகாணங்களில் ஒன்றுகூடக் காலியாக இல்லை. ஒரே வேரிலிருந்து படர்ந்த கொடி இப்படிச் சிதறிக் கிடக்காது. இன்றும் அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் பிறந்த குழந்தைகளின் குடும்பப் பெயர்களைப் பட்டியலிட்டால் முதலிடத்தில் மர்ஃபியைத்தான் பார்க்கிறோம்.

ஒரே ஊரில் ஒரே பெயர் நிறைந்தால் என்ன செய்வது? நம் கிராமங்களில் மூன்று முருகன்கள் இருந்தால் ‘மேலத்தெரு முருகன்’ என்போம். அவர்களும் அதையேதான் செய்தார்கள். கெர்ரி மாவட்டத்தின் அரசியல் குடும்பமான ஹீலி-ரே தெரிந்த உதாரணம். ‘ரே’ அவர்கள் வாழ்ந்த சிற்றூரின் பெயரிலிருந்து வந்தது. மற்ற ஹீலிகளிலிருந்து பிரித்தறியச் சேர்த்த ஒட்டு, இன்று நாடாளுமன்றத்தில் அதிகாரப்பூர்வமாக ஒலிக்கிறது.

மர்ஃபிகள் கடல் கடந்ததற்கு உருளைக்கிழங்கு பெரும் காரணம். 1845-இல் தொடங்கிய பூசண நோய் பயிரை அழுகடித்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். கொடுமை என்னவென்றால், ஆங்கிலக் கொச்சை வழக்கில் உருளைக்கிழங்குக்கே ‘மர்ஃபி’ என்று ஒரு பெயர் உண்டு. அதை உண்டு வாழ்ந்தவனின் பெயரை அதற்கே வைத்தார்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் இன்று மர்ஃபிகள் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் கறுப்பினத்தவர். நகைச்சுவை நடிகர் எடி மர்ஃபி நீங்கள் அறிந்தவர்தான். குடும்பப் பெயரை வைத்து ரத்தத்தை அளக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுக்கி விழ வேண்டும்.

குணத்தையும் அளக்க முடியாது. 1798 கிளர்ச்சியில் வெக்ஸ்ஃபோர்டு உழவர்களுக்குத் தலைமை தாங்கித் தூக்கில் தொங்கிய பாதிரியார் ஜான் ஒரு மர்ஃபி. 1913-இல் டப்ளினில் சங்கம் சேர்ந்த தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்த டிராம் முதலாளி வில்லியம் மார்ட்டினும் ஒரு மர்ஃபி. 1944-இல், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் குடியிருப்பிலிருந்து அகற்றியது இனவெறி என்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்கும் மர்ஃபிதான். நம் ரேடியோக்காரரின் பெயரும் அதுவே என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஆம், அதே பெயர், வேறு ஆள். ‘கெட்டுப்போகக் கூடியது கெட்டே தீரும்’ என்ற விதிக்குப் பெயர் தந்தவர் எட்வர்டு மர்ஃபி என்ற அமெரிக்கப் பொறியாளர். 2024-இல் ஆஸ்கர் வாங்கிய நடிகர் கிலியன் மர்ஃபி மட்டும் அசல் கார்க் ஊர்க்காரர்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தார். அமெரிக்க மர்ஃபி ஒருவர் தன் பூர்வீக ஊரைத் தேடி அயர்லாந்துக்கு வந்தால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தால் முடியாது. பங்கின், அதாவது குடும்பம் சேர்ந்திருந்த தேவாலய வட்டாரத்தின், பெயர் வேண்டும், கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் வேண்டும். ஆவணங்களோ ஓட்டை. 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாயின. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளையும் அரசே முன்னர் அழித்திருந்தது. முழுமையாகக் கிடைப்பவற்றில் மூத்தவை 1901, 1911 தாள்கள். அவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அந்தத் தாள்களைப் பார்க்குமாறு மாணவியிடம் சொன்னேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், யாருக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று கட்டங்கள் இருக்கும். கடைசியில் குடும்பத் தலைவர் கையெழுத்திட ஒரு கோடு. எழுதத் தெரியாதவரின் தாளில் அந்தக் கோட்டின் மேல் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது மட்டும்தான் அவர் கை. அதைச் சுற்றி ‘மர்ஃபி’ என்று எழுதியிருப்பது வேறொருவர்.