ஏரியில் சாக்கடை கலந்தால் யாரிடம் கேட்பது? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, பெங்களூர் ராமமூர்த்தி நகர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார். "எங்கள் லேஅவுட்டை ஒட்டிய ஏரியில் சாக்கடை கலக்கிறது. மாநகராட்சியில் சொன்னால் குடிநீர், சாக்கடை பார்க்கிற ஜலமண்டலிக்குப் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சட்டம், ஒரே அதிகாரம் கொண்டுவர முடியாதா?"

அம்மா, அந்த இரண்டு ஆபீஸிலும் உங்களுக்குச் சொன்ன பதில், சட்டப்படி பார்த்தால் சரிதான். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் 1964ஆம் வருடச் சட்டப்படி ஜலமண்டலியிடம் இருக்கின்றன. மழைத்தண்ணீர் ஓடுகிற ராஜகாலுவே மாநகராட்சியுடையது. ஏரிகளில் பெரும்பாலானவை மாநகராட்சியிடம், ஆனால் பெல்லந்தூரும் வர்த்தூரும் பிடிஏ என்கிற பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் கைக்குப் போயின. ஏரியின் எல்லையை அளந்து காட்ட வேண்டியவர் தாசில்தார் ஆபீஸ் சர்வேயர். தண்ணீர் கெட்டதா என்று சோதிக்க 1974ஆம் வருட மத்தியச் சட்டப்படி வாரியம். போர்வெல்லுக்கு 2011இல் தனிச் சட்டம், அதற்கு ஓர் ஆணையம்.

அடுத்த மழையில் ராஜகாலுவே மேலுள்ள சின்னப் பாலத்தில் நின்று பாருங்கள். சாக்கடைக் குழாய் பல இடங்களில் கால்வாயை ஒட்டியே, சில இடங்களில் கால்வாய்க்கு உள்ளேயே போகிறது, நடுவில் உறை கிணறு மாதிரி மேன்ஹோல் எழும்பி நிற்கும், மழை வலுத்தால் அதன் மூடி தூக்கிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் வழியும். மூடிக்குள் இருக்கிறவரை அது ஜலமண்டலி விஷயம், அரை அடி தள்ளி விழுந்ததும் மாநகராட்சி விஷயம், ஏரிக்குப் போய்ச் சேர்ந்து மீன் செத்து மிதந்தால் வாரியம் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும். அந்த மூடி இருக்கும் இடத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை.

ஒரே அதிகாரம் கேட்டீர்களே, ஏரிகளுக்கென்று 2014இல் கர்நாடகத்தில் தனி ஆணையச் சட்டமே வந்தது. குழாய் என்னவோ அப்போதும் ஜலமண்டலியிடம்தான். 2018இல் அந்த ஆணையத்தைக் கலைத்து வேலையைச் சிறு நீர்ப்பாசனத் துறையின் கீழே கொண்டுபோய்விட்டார்கள். இப்போது முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூர் ஆணையம் வந்து, 2025 செப்டம்பரில் மாநகராட்சியும் ஐந்தாகிவிட்டது. சரி, நல்லது நடக்கட்டும், ஆனால் இன்னொரு பலகை மாட்டுவதால் மட்டும் உங்கள் ஏரி சுத்தமாகும் என்று நான் நம்பவில்லை.

நடந்த இடங்களைப் பார்ப்போம். கேசி வேலி (கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் பெங்களூர்ச் சாக்கடையைச் சுத்திகரிப்பது ஜலமண்டலி, அதை பம்ப் செய்து கோலார் ஏரிகளை நிரப்புவது சிறு நீர்ப்பாசனத் துறை. தண்ணீரின் தரம் பற்றி நியாயமான கேள்விகள் உண்டு, ஆனால் ஒருவர் வேலை எங்கே முடிந்து மற்றவர் வேலை எங்கே தொடங்குகிறது என்பதில் குழப்பமில்லை, 2018இலிருந்து தண்ணீர் போகிறது. காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள், நம்மைப் போல இங்கே வாழ்கிற தமிழர்களுக்கு அதன் வலி தெரியும். 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று குறித்தது, பெங்களூர் குடிநீருக்குக் கூடுதலாக 4.75 டிஎம்சி ஒதுக்கியது. அளப்பது இரு மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில். சண்டை ஓயவில்லை, ஆனால் இத்தனை வந்தது, இத்தனை வரவில்லை என்று எண்ணை வைத்துப் பேச முடிகிறது, ஏனென்றால் அளக்கிற இடம் எழுத்தில் இருக்கிறது.

அதனால் நீங்கள் ஏரி நாறுகிறது என்று பொதுவாக மனு கொடுக்காதீர்கள். எந்த மேன்ஹோல், எந்தப் பாலத்துக்குப் பக்கம், என்றைக்கு வழிந்தது, தேதி தெரிகிற போட்டோவோடு ஒரே மனுவை மாநகராட்சி, ஜலமண்டலி, வாரியம், தாசில்தார் நாலு பேருக்கும் முகவரியிட்டுக் கொடுங்கள், மற்ற மூவருக்கும் போயிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். நாலு பேரும் சேர்ந்து வந்து பார்க்கிற ஜாயிண்ட் இன்ஸ்பெக்ஷன் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வந்தால், யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்வார்கள் என்ற குறிப்பின் நகல் கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாம். வாரியம் எடுக்கிற தண்ணீர் மாதிரியின் ரிப்போர்ட்டை விடவே விடாதீர்கள், பிற்பாடு சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கிற பெரிய சான்று அதுதான், கர்நாடக வழக்குகளும் அங்கே வரும். அப்புறம், மனு கன்னடத்தில் இருக்கட்டும், லேஅவுட்டில் எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய நகல் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.