வெல்வெட்டா சாட்டினா? பெயிண்டிங்கை பார்த்தே சொல்லிடலாம்!

(திரையில்: கறுப்பு, வெள்ளை, தங்கக் கலர் கவுன். முகம் தெரியல)

இந்த கவுனோடதான் இந்த அம்மாவை புதைச்சாங்கன்னு ரொம்ப காலமா நம்பிட்டு இருந்தாங்க. கல்லறையில கிடைச்சது வேற கவுன்!

வணக்கம் மக்களே. பேரு எலியோனோரா, ஃப்ளோரன்ஸ் டியூக் கோசிமோ மெடிச்சியோட மனைவி, 1545 வாக்குல ப்ரோன்சினோ வரைஞ்சது, இப்ப உஃபிஸி மியூசியத்துல இருக்கு. ஹிஸ்டரி போதும், துணிக்கு வாங்க.

பழைய டிரஸ்ஸை தைச்சு போடணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல டிசைனைத்தான் ஜூம் பண்ணுவாங்க. அதை விடுங்க, மடிப்புல வெளிச்சம் எங்க விழுதுன்னு பாருங்க. மடிப்போட மேட்டுல பளிச்னு கோடு ஓடினா சாட்டின். மேடு இருட்டா, ஓரம் மட்டும் மினுங்கினா வெல்வெட். ஏன்னா வெல்வெட்ல நூல் செங்குத்தா நிக்கும், நேரா பார்த்தா வெளிச்சம் நூலுக்கு நடுவுல உள்ள போயிடும், துணி வளைஞ்சு திரும்புற இடத்துலதான் நூலோட பக்கவாட்டு தெரியும், அங்கதான் மினுக்கு. டஃபெட்டான்னா, அதாவது விறைப்பான பட்டுத்துணின்னா, கசக்கின பேப்பர் மாதிரி கோணகோணலா நிக்கும். கம்பளி பளபளக்காது, அவ்ளோதான்.

(திரையில்: நெஞ்சுப்பகுதி க்ளோசப்)

இப்ப நம்ம ஹீரோயின். வெள்ளை சாட்டின், மேல கறுப்பு வெல்வெட் கொடி, நடுவுல மாதுளை டிசைன்ல தங்க ஜரிகை. அந்த ஜரிகை கிட்ட போங்க, இன்னும் கிட்ட... குட்டி குட்டியா மஞ்சள் புள்ளி வெச்சிருக்கார் பாருங்க மனுஷன்! நெய்யும்போதே ஜரிகையை வளையம் வளையமா தூக்கி விட்டிருக்காங்க, அந்த வளையங்கள்தான் இந்த புள்ளியெல்லாம். நெய்றவரோட பாதி வேலையை இவரே பார்த்திருக்கார் போல.

இதுல காமெடி என்னன்னா, கையில இருந்த துணி சாம்பிளை பார்த்தே வரைஞ்சிருக்கலாம், இப்படி ஒரு கவுனை தைக்கவே இல்லையோன்னு சில ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுறாங்க!

1562-ல அவங்களை புதைச்ச கவுன் சாட்டின், வெல்வெட் பட்டை வெச்சது, இப்ப பிட்டி அரண்மனை மியூசியத்துல இருக்கு. ஜேனட் அர்னால்ட்ங்கிற ஆய்வாளர் அதோட கட்டிங்கை அளவோட வரைஞ்சே வெச்சிருக்காங்க, அதனால தைக்கணும்னா இதை தைங்க, பெயிண்டிங் கவுனுக்கு துணி தேடி சொத்தை விக்காதீங்க. பாலியஸ்டர் சாட்டின் மட்டும் வேணாம், கெஞ்சி கேட்டுக்கிறேன்.

(திரையில்: ஹோல்பைன் 1533-ல வரைஞ்ச ரெண்டு தூதர்கள்)

உங்களுக்கு ஒரு டெஸ்ட். இடது பக்கம் நிக்கிறவரோட பிங்க் கலர் கை, அது என்ன துணி? வெளிச்சத்தை பார்த்துட்டு கமெண்ட்ல போடுங்க, கூகுள் பண்ணா செல்லாது.