மனசுக்கு ஒப்பாதபோது

வணக்கம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா மனசுக்கு ஏதோ ஒப்பலை." நாம் அடிக்கடி சொல்கிற வாக்கியம். ஒரு செயல் சரியா தவறா என்று முடிவெடுக்கும்போது அந்த 'ஒப்பலை'யை எவ்வளவு தூரம் நம்பலாம்?

1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு ரகசியக் கண்காணிப்பு மையத்தில் பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ். அமெரிக்கா ஏவுகணை ஏவிவிட்டது என்று திரையில் சிவப்பு எழுத்து மின்னியது. முதலில் ஒன்று, பிறகு நான்கு. அந்த மாதம் 1ஆம் தேதிதான் தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தார்கள். இரு நாடுகளும் முறைத்துக்கொண்டு நின்ற நேரம். பெத்ரோவ் மேலிடத்துக்கு, இது தவறான எச்சரிக்கை என்று சொன்னார். உறுதியாகத் தெரிந்து சொல்லவில்லை. பாதிக்குப் பாதிதான் என்று பின்னாளில் அவரே சொன்னார். மேகங்களின் மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டது பிறகு தெரியவந்தது.

இதை அதிசயம் என்று சொல்லிவிட்டால் அவருடைய உழைப்பை மறந்துவிடுவோம். அவர் பொறியாளர். அந்தப் புதிய அமைப்பின் பலவீனம் தெரிந்தவர். போர் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு தொடங்க மாட்டான் என்றும் அவருக்குத் தெரியும். பல வருட அறிவு ஒரு நொடியில் உறுத்தலாகத் திரண்டது.

உள்ளுணர்வைச் சந்தேகித்த உளவியலாளர் டேனியல் கானமனும், அதை மதித்த உளவியலாளர் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைத்தான் அலசுகிறது. உள்ளுணர்வை நம்ப வேண்டுமென்றால் ஒழுங்கு உள்ள சூழல் வேண்டும். முடிவின் பலன் திரும்ப வந்து நம்மைத் திருத்தவும் வேண்டும். அறத்தில் இடறுவது இரண்டாவதில். தீயணைப்பு வீரர் தப்பாகக் கணித்தால் கூரை இறங்கிக் காட்டிவிடும். நேர்காணலில் நாம் ஒதுக்கிய பெண் எவ்வளவு நன்றாக வேலை செய்திருப்பாள் என்பது நமக்கு ஒருநாளும் தெரிய வராது. தப்பான உணர்வு திருத்த ஆளில்லாமல் தடித்துப்போகிறது. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரின் பெயரையும் ஊரையும் கேட்டதும் வருகிற 'ஒப்பலை' அப்படிப்பட்டது. அதற்குப் பெயர் சாதி.

ஒரு வார்டுக்குப் போவோம். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் படிவம். டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே அந்த அம்மா தலையாட்டுகிறார், கையெழுத்தும் போட்டுவிட்டார். காகிதத்தில் குறையில்லை. சிஸ்டருக்கு மட்டும் உறுத்துகிறது. அவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, 'நான் எதைப் பார்த்தேன்?' அந்த அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். உறுத்தல் இப்போது சோதித்துப் பார்க்கக்கூடிய தகவலாகிவிட்டது. மகனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "என்ன ஆபரேஷன், எதுக்குன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்கலாம். தெளிவாகச் சொன்னால் உறுத்தல் தப்பு, விட்டுவிடலாம். "அவனுக்குத்தான் தெரியும்" என்றால் டாக்டர் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை.

இன்னொரு சோதனை: உறுத்தல் யாருக்கு வசதி? நம் வேலையைக் கூட்டுகிற, நம் லாபத்தைக் குறைக்கிற உறுத்தலுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். 'தன்னெஞ்சறிவது பொய்யற்க' என்று வள்ளுவர் சொல்வதும் தன்னையே சுடுகிற நெஞ்சைத்தான்.

யோசிக்கவே நேரமில்லை என்றால்? பிறகு திருத்திக்கொள்ள முடிகிற பக்கம் சாயுங்கள். 'தாக்குதல்' என்று மேலே போன சொல்லைத் திரும்பப் பெறுவது கடினம். 'தவறான எச்சரிக்கை' என்பது தப்பாக இருந்தால் தரை ரேடார் சில நிமிடங்களில் காட்டிக்கொடுத்துவிடும். பெத்ரோவ் அந்த நிமிடங்களைக் காத்திருந்து கடந்தார். ரேடாரில் எதுவும் வரவில்லை.