அவசியமா, அவசரமா?

நடுவர் அவர்களே, வணக்கம். இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் இருந்த பியர் ஹெட் ரயில் ஸ்டேஷனை இடித்தது அவசியமே என்று பேசிய எதிரணி நண்பர், கால்குலேட்டரோடு வந்துவிட்டார். அந்த ஸ்டேஷன் நின்ற உயரப் பாதையை, அதாவது தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடிய ரயில் பாதையைப் பழுதுபார்க்க 20 லட்சம் பவுண்டு கேட்டது, அதை நடத்திய கம்பெனியிடம் காசில்லை, 1956 டிசம்பர் 30-ஆம் தேதி மூடினார்கள், அடுத்த ஆண்டே இடிக்கத் தொடங்கினார்கள் என்றார். சரி, கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த இரும்பு தானாகவா துருப்பிடித்தது?

பாதைக்கு நேர் கீழே துறைமுகத்தின் சரக்கு ரயில் ஓடியது. நீராவி எஞ்சின். அது கக்கிய புகையும் ஆவியும் அறுபது வருஷமாக மேலே இருந்த இரும்புத் தகடுகளைத் தின்றன. மேலே ஓடியதோ மின்சார ரயில், புகையே கிடையாது! கீழ் வீட்டுக்காரர் விறகு அடுப்பு மூட்டி மாடிச் சுவரைக் கரியாக்கிவிட்டு, "வெள்ளையடிக்கிற செலவு உன்னுடையது" என்றால் ஒப்புக்கொள்வீர்களா? கம்பெனி நகர மன்றத்திடமும் துறைமுக வாரியத்திடமும் போய் நின்றது. இரண்டு பேரும் கையை விரித்தார்கள். 1948-இல் ரயில்வேக்களை நாட்டுடைமை ஆக்கிய அரசும் இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்புறம் யாரிடம் போவது?

நண்பர் இன்னொன்றும் சொன்னார், "வெறும் பழைய இரும்பு" என்று. ஐயா, 1893-இல் திறந்தபோது உலகின் முதல் மின்சார உயரப் பாதை ரயில் அது. சிக்னல்கள்கூடத் தானாக இயங்கின. மெர்சி ஆற்றைப் படகில் கடந்து வருகிறவர் கரையேறிக் கொஞ்சம் நடந்தால் பியர் ஹெட் ஸ்டேஷன். படியேறி வண்டியில் உட்கார்ந்துவிட்டால் போதும். கீழே நடப்பவர் கண்ணுக்குத் துறைமுகத்தின் நெடுஞ்சுவர்தான் தெரியும்; இவருக்கோ சுவருக்கு மேலே, அட்லாண்டிக் கடக்கும் பெரிய பெரிய கப்பல்கள் வரிசையாக வரும். அந்தக் காட்சிக்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. டிக்கெட் எடுக்காதவருக்கும் லாபம்தான். மழை பெய்தால் துறைமுகத் தொழிலாளிகள் பாதைக்கு அடியிலேயே நனையாமல் நடந்து போவார்கள். அதனால் ஊரார் வைத்த பேர் 'டாக்கர்ஸ் அம்ப்ரெல்லா', தொழிலாளி குடை. கால்குலேட்டரில் அந்தக் குடைக்கு எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள், நண்பரே?

பியர் ஹெட்டில் இன்று அந்த ஸ்டேஷனின் ஒரு படிக்கட்டுகூட இல்லை. உயரப் பாதையில் இடிபடாமல் தப்பிய ஒரே ஸ்டேஷன் எது தெரியுமா, நடுவர் அவர்களே? டிங்கிள். அது மட்டும்தான் பூமிக்கு அடியில் இருந்தது!

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன்.